மூன்று உதறல்

செடியைத் தொட்டியிலிருந்து பிடுங்கியதும் மூன்று முறை உதறுவார். எல்லாச் செடிக்கும் ஒரே கணக்கு, நான்காவது கிடையாது. உதிர்கிற மண் தரைக்கு. வேரை விட்டுப் போகமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருக்கிற மண்ணை மட்டும் பழைய பல் பிரஷ்ஷால் தட்டிப் பொட்டலத்தில் சேர்ப்பார். விதை ஆராய்ச்சிப் பண்ணையின் கண்ணாடிக் கூடத்தில் பதினாறு வருடமாக இதே வேலை. தற்காலிக வேலைதான், வருடா வருடம் துறைத் தலைவர் கையெழுத்துப் போட்டால் நீளும். நாங்கள் எல்லாரும் அவரை மண்ணக்கா என்றுதான் கூப்பிடுவோம்.

வீட்டில் போர்வைக்கும் மூன்றே உதறல். "துணி காயப்போட்டாக்கூட எண்ணுறா. எண்ணிக்கை தப்பினா என்னையே உதறிடுவா" என்பார் அவர் கணவர், பேருந்து ஓட்டுநர்.

இந்தத் தடவை இருபது தொட்டிகளை வேண்டுமென்றே தண்ணீருக்குத் தவிக்கவிட்டிருந்தார்கள். தவிக்கிற செடி வேர் வழியே பிசின்போல எதையோ கசியவிடுமாம். அதைத் தின்ன வருகிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் அந்தப் பிசினும் சேர்ந்து மண்ணை வேரோடு இறுக்கிவிடும். நன்றாகத் தண்ணீர் குடித்த செடியிடம் வருவது வேறு கூட்டம். மின் வேலை பார்க்கிற எனக்கு இதெல்லாம் விளங்காது என்றேன்.

"இதுல என்னய்யா விளங்கல? கஷ்டப்படுற வீட்டுக்கு வர்ற சொந்தம் வேற, விருந்து வீட்டுக்கு வர்ற சொந்தம் வேற" என்றார் மண்ணக்கா.

அந்த உயிர்களைப் பிரித்து வளர்த்து, வறண்ட நிலத்துக்காரர்களுக்கு விதையில் தடவிக் கொடுப்பதாகத் திட்டம்.

போன வாரம் கதவோரத் தொட்டியில் முதல் செடியைப் பிடுங்கினார். இரண்டாவது உதறலிலேயே மண் மொத்தமும் கொட்டிவிட்டது. வேர் மொட்டையாக நின்றது. நேரே புதுக் காவலாளியிடம் போனார்.

"தண்ணி ஊத்தினியா?"

"வாடிக் கெடந்துச்சுக்கா, பாக்கப் பாவமா இருந்துச்சு. மூணு வாரமா காலைல ஒரு குவளை. கதவோரம் எட்டுக்கு மட்டுந்தான்."

"நல்லா இரக்கப்பட்ட போ. எட்டும் போச்சு."

துறைத் தலைவர் அறையில் நான் ஏணியில் ஏறி மின்விசிறி மாட்டிக்கொண்டிருந்தபோது மண்ணக்கா உள்ளே வந்தார். இரண்டு கையிலும் இரண்டு தொட்டி.

"அறிக்கை நாளைக்குப் போகணும்மா. இருபதுன்னு எழுதியாச்சு. எல்லாத்தையும் ஒண்ணாக் கலந்து பொட்டலச் சீட்டுல கையெழுத்துப் போட்டுடு" என்றார் தலைவர்.

"பன்னெண்டுக்குப் போடுறேன் சார். எட்டுக்குப் போடமாட்டேன்."

"மண்ணுக்கும் மண்ணுக்கும் யாருக்கும்மா வித்தியாசம் தெரியப்போகுது?"

"விதைக்கிறவனுக்குத் தெரியும் சார். மழை ஏமாத்துற அன்னைக்கு அவன் இதைத்தான் நம்பி நிப்பான். அவன் வாயில மண்ணப் போடச் சொல்றீங்களா?"

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் வேலை நீட்டிப்புக் காகிதமும் இந்த மேசையிலதான் இருக்கு."

"இருக்கட்டும் சார். பக்கத்துல இதுவும் இருக்கட்டும்." இரண்டு தொட்டிகளையும் அறிக்கைக்கு அருகே டொக்கென்று வைத்தார். "இது கதவோரம். இது உள்வரிசை, சொட்டுத் தண்ணி பாக்காதது. நீங்களே உதறிப் பாருங்க. மூணு தடவை."

நான் திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டு கீழே பார்த்தேன்.

தலைவர் கதவோரச் செடியைப் பிடுங்கி உதறினார். மண் பொலபொலவென்று அறிக்கைமேல் கொட்டியது. அடுத்ததைப் பிடுங்கினார். ஒன்று. இரண்டு. மூன்று. வேருக்குக் காலுறை மாட்டியதுபோல மண் அப்படியே இருந்தது. அவர் அதை முறைத்தார். நான்காவதற்குக் கையை ஓங்கினார்.

மண்ணக்கா மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.