முதலாளி அறையிலிருந்த டிஸ்க்

ஆரணியில் பட்டுப்புடவைக்குக் கரையும் முந்தானையும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கும் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். என்னோடு முள்ளிப்பட்டுப் பெண் ஒருத்தியும் வரைந்தாள். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவோம்.

யாரோ கொண்டுவந்த பென் டிரைவால் எங்கள் மெஷின்களில் வைரஸ் புகுந்தது. வேலூரிலிருந்து வந்த மெக்கானிக் புது புரோகிராம் ஒன்றைப் போட்டார்.

"இனிமே இதுல இன்னா பண்ணாலும் ஆஃப் பண்ணா போயிடும். காலைல புதுசா எழுந்துக்கும். வரையறத எல்லாம் இசட் டிரைவ்ல போட்டுடுங்க."

இசட் டிரைவ் எங்கள் திரையில்தான் தெரியும். ஆனால் அந்த டிஸ்க் இருந்தது முதலாளி அறையில். வரைந்த மயில், அன்னம், கொடி எல்லாம் ஒயர் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தன.

காஞ்சிபுரத்தில் பெரிய கடையொன்றில் ஆள் கேட்டார்கள். வரைந்தவற்றைக் கொண்டுவரச் சொன்னார்கள். முதலாளியிடம் போய், "நான் போட்ட டிசைன் கொஞ்சம் காப்பி பண்ணிக்கட்டுங்களா?" என்றேன்.

"உன் டிசைன்னு சொல்லிகினு வரியே, கம்ப்யூட்டரு யாருது? டிஸ்க்கு யாருது? கரண்டு யாருது?"

"கை என்னுதுங்க" என்றேன். அவர் சிரித்தார்.

மறுநாள் காலை என் மெஷினில் இசட் டிரைவ் இல்லை. என்னுடையதை மட்டும் துண்டித்திருந்தார். மெஷின் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. நான் அங்கே உட்கார்ந்ததற்கே அடையாளம் இல்லை. பக்கத்துத் திரையில் என் மயில் கரை திறந்திருந்தது. முள்ளிப்பட்டுக்காரி அதற்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரு பத்து டிசைனாவது சிடில போட்டுக் குடுடி."

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "எனக்கு இந்த வேலை வேணும்க்கா. பேஜார் பண்ணாத."

காஞ்சிபுரத்துக்கு வெறுங்கையோடு போனேன். ஐந்தாறு வருடம் வரைந்தவள் என்றதை அவர்கள் நம்பவில்லை. கற்றுக்கொள்ள வந்தவள் என்று சேர்த்துக்கொண்டார்கள். என்னைவிடச் சின்னப் பெண்ணொருத்தி மவுஸ் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தாள். கேட்டுக்கொண்டேன்.

பிறகு ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணின் புடவையில் அந்த மயிலைப் பார்த்தேன். கழுத்து வளைவை நான் எத்தனை முறை அழித்து வரைந்தேன் என்பது எனக்குத் தெரியும். "ஆரணியில ஸ்பெஷலா போட்டதுங்க" என்று பெண்ணின் அம்மா பெருமையாகச் சொன்னார். நல்லா இருக்குதுங்க என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் பஸ் ஏறினேன்.