நிக்கானோர் பாதியில் வைத்த கல்

நிக்கானோருக்கு ஐம்பத்திரண்டு வயது. அதில் முப்பத்தைந்து வருஷம் மூட்டை சுமக்கும் லாமா என்ற மலை ஒட்டகங்களின் பின்னால் நடந்தே போயிற்று. மேட்டிலிருந்து உப்பு, பள்ளத்திலிருந்து சோளம், நடுவில் மலை. அந்த மலைச் சிகரத்தை யாரும் பேர் சொல்லி அழைப்பதில்லை; பெரியவர் என்பார்கள். பெரியவர் வலக்கைப் பக்கம் நின்றால் வழி சரி. அதற்கு மேல் அவன் கற்றதில்லை.

அன்று மத்தியானமே மேகம் இறங்கிப் பெரியவரை விழுங்கிவிட்டது. பனி கண்ணைக் குத்தியது. கணவாயின் உச்சியில் ஒரு கற்குவியல் உண்டு. வழிப்போக்கர்கள் கீழிருந்து தூக்கி வந்த கல்லை அதில் வைத்து, அலுப்பையும் அதோடு இறக்கிவிடுவார்கள். களைப்புத் தெரியாமலிருக்க மென்ற கோகா இலையையும் அதிலேயே துப்புவார்கள். அங்கே இடப்பக்கம் இறங்கினால் ஊர். அதற்கு முன்னால் திரும்பினால் பாதாளம்.

தடவித் தடவி வந்தவன் காலில் குவியல் தட்டியது. போன உயிர் திரும்பியது.

"வந்துட்டோம்டி! இடப்பக்கம் ஓட்டு," என்று கூட வந்த மனைவியிடம் கத்தினான்.

முன்னே போன லாமா நகரவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தான். அவன் மூஞ்சியில் துப்பியது.

"அதுக்கு இருக்குற புத்தி உனக்கில்ல," என்றாள் மனைவி லெயாந்த்ரா. குனிந்து குவியலைத் தடவினாள். "யோவ், பாசியே இல்ல. மென்னு துப்புன கோகா இலைகூட ஒண்ணு இல்ல. எல்லாம் புதுக் கல்லு. எவன்யா இங்க வச்சான்?"

போன வருஷம் காய்ச்சலோடு வந்தபோது, உச்சிவரை முடியாமல் பாதியிலேயே கல்லை வைத்துவிட்டுப் போனவன் நிக்கானோர்தான். பின்னால் வந்தவர்கள் கல்லைக் கண்டால் கல் வைக்கிற ஆட்கள்; இப்போது குவியல் முழங்கால் உயரம்.

"நான்தான்டி," என்றான்.

மேகம் விலகட்டுமென்று இருவரும் லாமாக்களுக்கு நடுவே ஒடுங்கி உட்கார்ந்தார்கள். விரல்கள் மரத்தன. வெகுநேரம் கழித்து மேகம் கிழிந்தது. பெரியவர் வலக்கைப் பக்கம் வராமல் இன்னும் நேர் எதிரே நின்றார். இடப்பக்கம் நாலே எட்டில் தரை முடிந்திருந்தது.

"கலைச்சிரு," என்றாள்.

"அடுத்தவன் அலுப்புடி அது! தொட்டா நம்ம மேல ஏறிக்கும்."

"ஏறட்டுமே. இங்க திரும்பி விழுந்தவன் அலுப்ப எங்க இறக்குவான்? பெரியவர் முகம் தெரியறப்பவே எடு. உச்சியில கொண்டுபோய் வச்சிரலாம்."

கற்களை ஒவ்வொன்றாக எடுத்தான். அவள் சால்வையை விரித்துப் பிடித்தாள். மறுபடி மேகம் சேர ஆரம்பித்தது. கற்களை முதுகில் கட்டிக்கொண்டு, பெரியவரை விட்டுக் கண்ணை எடுக்காமல், மூச்சு வாங்க மேட்டில் ஏறினான்.