கண்ணாடிப் படகில் பூக்குஞ்ஞி காக்கா

பதினொரு வருடமாக நல்லகோயா பார்த்துக்கொண்டிருப்பது பூக்குஞ்ஞி காக்காவின் முதுகை. படகின் பின்முனையில் சுக்கான் பிடித்து நிற்கிறவனுக்கு வேறென்ன தெரியும்? நடு வயிற்றில் ஒரு மரத்தொட்டி, அதன் அடியில் கண்ணாடி. கப்பலில் வந்த பயணிகள் சுற்றிலும் பலகையில் உட்கார்ந்து, தொட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக் கடலடியைப் பார்ப்பார்கள். படகின் தலைமாட்டில் காக்கா, ஊருக்கே மூத்த அண்ணன். பயணிகளுக்குக் கொடுக்க வேண்டிய மிதவைச் சட்டை ஒன்றை மடித்துத் திண்டாகப் போட்டு அதன்மேல் சம்மணம். வாயில் கிராம்பு, தோளில் ஈரத்துண்டு, நீட்டின விரல்.

காக்கா மேல் கோபம் முதல் மாதத்திலேயே வேர்விட்டது. "காக்கா, நானும் ஒரு தடவ எட்டிப் பாத்துக்கட்டா?" என்று ஆசையாகக் கேட்டான் நல்லகோயா. படகு நிறைய ஆள். காக்கா திரும்பக்கூட இல்லை.

"சுக்கான் புடிக்கிறவன் மேல பாக்கணும்டா. கீழ பாத்தான்னா கல்லுல ஏத்துவான். பேருல மட்டும் நல்லது இருந்தா போதுமா? என்ன சொல்றீங்க?" என்று பயணிகளைக் கேட்டார். அவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கிய பிறகும் ஒரு கிழவர் திரும்பித் திரும்பி நல்லகோயாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

அன்றைக்கு மனசுக்குள் ஒரு முடிச்சுப் போட்டான். இந்த ஆள் தன் வாயால் கூப்பிடாமல் அந்தக் கண்ணாடியைப் பார்ப்பதில்லை. படகைக் கரையில் இழுத்துப்போட்டுக் கழுவும்போதுகூட அந்தத் தொட்டிப் பக்கம் போகமாட்டான். அது காக்கா வேலை, அவரே கழுவட்டும்.

கொச்சிக் கப்பல் ஆழமில்லாத உள்கடலுக்குள் வராது, வெளியே நிற்கும். வள்ளங்களில் ஆட்களை இறக்கிக் கொண்டுவருவார்கள். இறங்கியவுடன் இளநீர். அப்புறம் துடுப்புப் படகு, முகமூடி மாட்டிக்கொண்டு நீச்சல், சூரைமீன் குழம்போடு சாப்பாடு, பையன்கள் கோல் தட்டி ஆடும் கோல்களி. நாலு மணிக்குத் திரும்பவும் கப்பல். இத்தனைக்கும் நடுவே ஆளுக்கு அரைமணி நேரம் கண்ணாடிப் படகு. "ஒரே பகல்ல தீவப் பாத்து முடிச்சுர்றாங்க," என்பார் காக்கா. "நான் அறுவத்திமூணு வருஷமா பாக்குறேன், எனக்கு முடியல."

அவருக்கு வருகிறவர்கள் பாஷை எல்லாம் அரைகுறையாகத் தெரியும். தெரியாத இடத்தைக் குரலால் நிரப்பிவிடுவார். ஜெட்டி என்கிற படகுத்துறையை விட்டுக் கொஞ்ச தூரம் வரை பேச்சே இருக்காது. வெறும் மணல். பிறகு பவளக்கல் திட்டு வரும், திடீரென்று விரல் நீளும். "இந்தா, மூளைக்கல்லு. நம்மூரு பஞ்சாயத்துல யாருக்கும் இல்லாதது இங்க கெடக்கு." சிரிப்பு. "இது மான்கொம்பு. காடு மாதிரி. உள்ள நீல மீனு, ஆயிரம், எண்ண முடியாது." அடுத்து, வாயைப் பிளந்துகொண்டு கல்லில் பதிந்திருக்கும் பெரிய சிப்பி. அதற்கு அவர் வைத்த பேர் மாமியார். "நம்ம வீட்டு மாமியா நம்ம நெழலு பட்டா வாயத் தொறப்பா. இவ மூடிக்கிருவா. அதான் இவ ஒசத்தி." கல்யாணமான ஆண்கள் இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

மாமியார் பேச்சில் அவருக்கு உரிமை உண்டு. தீவு வழக்கப்படி ஆணுக்கு இரண்டு வீடு. பகலில் பெற்ற உம்மா வீடு, இரவில் பெண்டாட்டி வீடு. உம்மா போன பிறகும் காக்கா அக்கா வீட்டில்தான் பகல் கஞ்சி குடிக்கிறார். இரவு இஷா தொழுகை முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு வடக்கே பெண்டாட்டி முல்லபியின் வீட்டுக்கு நடப்பார். மழை இல்லாவிட்டாலும் குடை. விடியலில் சுபுஹு தொழுகைக்குத் திரும்பிவிடுவார். முப்பத்தெட்டு வருடமாக இந்த நடை. ஆண்பிள்ளை நடையை நிறுத்தினால் கல்யாணம் முடிந்தது என்று ஊர் பேச ஆரம்பிக்கும்.

நாலு வருடம் முன்னால் ஒரு கோடையில் உள்கடல் தண்ணீர் உலையில் வைத்தது மாதிரி சுட்டது. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் காற்றே இல்லை. பவளக்கல் எல்லாம் வெளுத்துப்போச்சு என்று மீன்பிடிக்கப் போனவர்கள் சொன்னார்கள். காக்காவும் அந்த வருடம் பயணிகளிடம் மறைக்கவில்லை. "கடலுக்கு நரை விழுந்திருக்கு. மழை விழுந்தா கறுத்துரும்," என்றார். மழை வந்தது. அடுத்த கப்பல் காலத்தில் பழைய பேச்சு திரும்பிவிட்டது. மான்கொம்பு காடு மாதிரி, நீல மீன் ஆயிரம்.

ஆனால் நல்லகோயா பார்ப்பது முதுகுகளை அல்லவா? முன்பெல்லாம் காக்கா விரல் நீட்டினால் பன்னிரண்டு முதுகும் ஒன்றாகக் கவிழும், நிமிராது. "அய்யோ, அங்க பாரு" என்று ஒரு கூச்சல் எழும். இப்போது கவிழ்ந்த முதுகு உடனே நிமிர்கிறது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள். செல்போனை எடுத்து மேகத்தைப் படம் பிடிக்கிறார்கள். அடியில் இருந்தது போய்விட்டது என்று நல்லகோயா முதுகுகளை வைத்தே கண்டுகொண்டான். இந்த ஆள் செத்துப்போனதைக் காட்டி உயிரோடிருக்கு என்று கூசாமல் பொய் சொல்கிறார். பழைய கோபத்தோடு இதுவும் சேர்ந்தது.

போன மாசி மாதம்தான் அந்தக் கணக்கு தப்பென்று பட்டது. பயணிப் பெண் ஒருத்தி இறங்கும்போது காக்காவிடம் ஒரு இளநீரை நீட்டினாள். காக்கா சிரித்த முகமாகக் கையை நீட்டினார். கை இளநீருக்கு ஒரு சாண் இடது பக்கம் போய்க் காற்றைப் பிடித்தது. அவள் நகர்த்திக் கையில் வைத்தாள்.

அதற்குப் பிறகு கவனித்தான். பலகைக்கு அடியில் பெட்டியில் ஒரு கண் சொட்டுமருந்துக் குப்பி. சுபுஹு நேரத்தில் வடக்கிலிருந்து வரும் காக்கா, குடைக் கம்பியால் ஒவ்வொரு வீட்டுச் சுவரையும் தட்டிக்கொண்டு வருகிறார். படகில் அவர் பார்ப்பதே இல்லை. கரையில் மோதும் அலைச்சத்தம் எந்தக் காதில் கேட்கிறது, மாசிக் கருவாடு காயப்போட்ட வாடை எப்போது நின்றது, வெயில் எந்தக் கன்னத்தில் விழுகிறது, இதை வைத்துத்தான் விரல் நீள்கிறது. நல்லகோயா ஒருநாள் வேண்டுமென்றே படகைக் கொஞ்சம் சுற்றி ஓட்டினான். காக்கா வெறும் மணலுக்கு நேரே விரலை நீட்டி, "இந்தா மூளைக்கல்லு" என்றார். அன்றைக்கு முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் எப்படித் தெரியாமல் போயிற்று? அதுவும் இந்த வழக்கத்தால் வந்தது. முல்லபிக்கு அவர் இருட்டு விழுந்த பிறகு வருகிற மனுஷர். இருட்டில் எல்லாரும்தான் தடவி நடக்கிறோம். அக்காவுக்கு அவர் பகல் முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு, கஞ்சி குடித்துத் தூங்குகிற தம்பி. இரண்டு வீட்டுக்காரனை எந்த வீடும் முழுசாகப் பார்ப்பதில்லை. கயிறு வாங்கப் போகிறேன் என்று மூன்று வருடம் முன்னால் கொச்சிக்குப் போய்வந்தாரே, அப்போது கயிறு எதுவும் வரவில்லை. இரண்டு வீடும், அடுத்த வீட்டுக்கு வாங்கினது போலிருக்கிறது என்று விட்டுவிட்டது.

போன கப்பலில் ஒருத்தர் புகார் எழுதிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வழிகாட்டி சொன்ன எதுவும் கண்ணாடியில் இல்லை, எல்லாம் சாம்பல் கல். சுற்றுலாக் குமாஸ்தா ஷம்சு வியாழக்கிழமை ஜெட்டிக்கு வந்து நல்லகோயாவைத் தனியாகக் கூப்பிட்டான்.

"உண்மையச் சொல்லு. அந்தாளுக்குக் கண்ணு தெரியுதா, இல்லையா?"

"அவருகிட்டயே கேளு."

"கேட்டா சொல்லிருவாரா? ஞாயித்துக்கெழம கப்பலு வருது. நானே ஏறி அவரு பக்கத்துல உக்காரப்போறேன். எனக்கு ஒண்ணும் இல்ல, நீ ஒரு வார்த்த சொன்னா அந்த எடத்துல ஒன்னப் போட்டுருவேன். எத்தன நாளு வெயில்ல நிப்ப?"

பதினொரு வருடமாகக் கேட்கவேண்டும் என்று கிடந்த வார்த்தை. நல்லகோயா கடலில் துப்பினான். "என்னவிட நல்லாத்தான் தெரியுது அவருக்கு. போ, போய் ஒன் வேலையப் பாரு."

சொன்ன பிறகு தன்மேலேயே எரிச்சலாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஷம்சு பக்கத்தில் உட்கார்ந்தால் இந்தப் பொய் எத்தனை நிமிஷம் நிற்கும்?

சனிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். குடைக் கம்பி மணலில் குத்திக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.

"நல்லா, ஓடத்த எடு."

"ஆளு எங்க காக்கா?"

"நாம ரெண்டு பேரும் ஆளாத் தெரியலயாடா?"

போனார்கள். மணல் தாண்டி, மூளைக்கல் இடம் தாண்டி, அலைச்சத்தம் இரண்டு காதிலும் சமமாகக் கேட்கும் இடத்தில் கையை உயர்த்தினார். நல்லகோயா எஞ்சினை அணைத்தான். நங்கூரத்தை எடுத்தான்.

"போடாத. மான்கொம்பு மேல விழும்."

நல்லகோயா நங்கூரத்தைச் சத்தமில்லாமல் படகுக்குள்ளேயே வைத்தான். படகு மெல்ல ஆடியது.

"ஷம்சுகிட்ட என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

"சொன்னியாம். அவன் டீக்கடையில வச்சு எங்கிட்டயே சொல்லிட்டுப் போறான், ஒங்க சுக்கான்காரன் ஒங்களுக்கு நல்ல சாட்சி சொல்றான் காக்கான்னு." கிராம்பை மென்றார். "எப்பத் தெரியும் ஒனக்கு?"

"மாசியிலேர்ந்து."

"நானும் வலது கண்ணு போனது ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்னுதான் நெனச்சேன். எடதுல வெளிச்சம் மட்டும் இருக்கு. கொச்சியில டாக்டரு கண்ணு நரம்பு பட்டுப்போச்சுன்னுட்டான்."

"வீட்டுல சொல்லவேண்டியதுதான?"

"எந்த வீட்டுல?" என்றார் காக்கா. "சொன்னா அக்கா வாசலத் தாண்ட விடமாட்டா. பெண்டாட்டி வீட்டுக்கு என்னயக் கையப் புடிச்சு ஆட்டுக்குட்டி மாதிரி கூட்டிட்டுப் போவாங்க. இந்தப் பலகையில உக்காந்திருக்கற வரைக்கும்தான்டா நான் ஆம்பள."

காக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "கடைசியா நான் தெளிவாப் பாத்தப்ப எல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெளுத்து நின்னுச்சு. வெளுத்தது சாவு இல்ல நல்லா, தண்ணி ஆறினா உசுரு திரும்பும். முன்ன ஒரு தடவ திரும்பியிருக்கு. அந்த மழைக்குள்ள என் கண்ணு போச்சு. திரும்பிச்சா இல்லையான்னு நான் பாக்கல. யாருகிட்ட கேக்க? கேட்டா, தெனமும் பாக்குற ஒனக்கே தெரியாதான்னு கேப்பான். அதான் திரும்பிருச்சுன்னே சொல்லிட்டு வந்தேன்."

இந்த ஆளைத்தான் நல்லகோயா வருடக்கணக்காகப் பொய்யன் என்று திட்டிக்கொண்டிருந்தான்.

"செத்துப்போச்சுன்னா நாளைக்கு ஷம்சு முன்னாலயே செத்துப்போச்சுன்னு சொல்றேன். இங்க இருந்துச்சு, இப்படிப் போச்சுன்னு அதையும் ஒரு ஆளு காட்டத்தான வேணும். ஆனா தெரியாம சொல்லமாட்டேன்."

தோளிலிருந்து துண்டை எடுத்தார். தொட்டிக்குள் குனிந்து கண்ணாடியை மூலைக்கு மூலை துடைத்தார், துடைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்து இன்னொரு தடவை துடைத்தார். திண்டாக மடித்த மிதவைச் சட்டையை அங்கேயே விட்டுவிட்டு, பலகையைப் பிடித்துப் பிடித்துப் படகின் பின்முனைக்கு வந்தார். நல்லகோயாவின் கைமேல் கை வைத்து, சுக்கானைத் தன் பிடிக்கு மாற்றிக்கொண்டார். சுக்கான் பிடிக்கிறவன் பார்க்கவேண்டியது போல முகத்தை நேரே, மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

"போ. அங்க போய் உக்காரு," என்றார். "நான் சொன்னதத் திருப்பிச் சொல்லாத. கீழ என்ன இருக்கோ அதச் சொல்லு."