மதினி எழுதிய குறைகள்

எங்கள் மதினி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் தட்டு வருவதற்கு முன்பே ஓர் அறிவிப்பு வந்துவிடும். "இன்னைக்கு ரசம் சரியா வரல. புளி கூடிட்டு. கோச்சுக்கிடாதீங்க." ரசம் பிரமாதமாக இருக்கும். இது அவர் மட்டும் செய்வதல்ல. எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் உள்ள பழக்கம்தான். விருந்தாளி வாயைத் திறப்பதற்குள் குறையை நாமே சொல்லிவிட வேண்டும். தன் கைச்சமையலைத் தானே மெச்சுகிறவளை ஊர் சிரிக்கும். சாப்பிடுகிறவரும் சும்மா இருக்கக் கூடாது, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லியாக வேண்டும். இரண்டு பக்கமும் முறை தெரிந்தவர்களாக இருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

மதினி படம் வரைவார். தொல்லை அங்கேதான் ஆரம்பித்தது.

அண்ணனுக்குப் பூனாவில் பாதுகாப்புத் துறை அலுவலகம் ஒன்றில் வேலை. வானவடியில் மூன்றாவது மாடியில் வீடு. மதினி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். நான் படிப்பை முடித்துவிட்டு ஹடப்சரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டராகச் சேர்ந்து அவர்களோடு தங்கியிருந்தேன். டெஸ்டர் என்றால், அடுத்தவன் எழுதிய புரோகிராமில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள். எனக்கு அது இயல்பாகவே வரும் என்று அண்ணன் சொல்வான்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ, ஒரு ஜூன் மாதம் மதினி ஒரு வருஷம் சம்பளமில்லாத விடுப்பு எடுத்தார். "ஒரு வருஷம் படம் மட்டும் வரைஞ்சு பாக்கேன். அது என்னையத் தாங்குச்சுன்னா சரி. இல்லன்னா அடுத்த ஜூன்ல மறுபடியும் மாம்பழமும் தேசியக் கொடியும்தான்" என்றார். வகுப்புக்கு வகுப்பு மாம்பழத்தையும் கொடியையும் சொல்லிக் கொடுத்து அவருக்கு அலுத்துப் போயிருந்தது. திரும்பி வருகிறாரா இல்லையா என்பதை ஏப்ரல் கடைசிக்குள் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு அப்புறம் படம் விற்கவில்லையென்றால், மறுபடி அந்த இடம் கிடைக்காது.

இந்த ஊரில் வண்டி ஓட்டும் பெண்கள் துப்பட்டாவை முகம் முழுக்கச் சுற்றி, கண் மட்டும் தெரிய, முழங்கை வரை கையுறை மாட்டிக்கொண்டு போவார்கள். நானும் அப்படித்தான் ஆபீஸ் போவேன். அதில் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன். மதினி அந்தப் பெண்களைத் தண்ணீர் வண்ணத்தில் வரைந்தார். சிக்னலில் நிற்கும் ஒருத்தியின் கண்ணில் நாள் முழுக்க நின்ற அலுப்பு. இன்னொருத்தி பக்கத்து வண்டிக்காரனை எரித்துவிடுகிற மாதிரி முறைப்பாள். வேறொருத்தி துணிக்குள்ளே சிரிக்கிறாள் என்பது கண்ணைப் பார்த்தாலே தெரியும். மூக்கும் வாயும் இல்லாமல் ஒரு மனுஷியை முழுதாகக் காட்ட முடியும் என்று எனக்குத் தெரிந்ததே அந்தப் படங்களால்தான்.

அக்டோபரில் நான்கு ஓவியர்கள் சேர்ந்து ஒரு சின்ன ஹாலை எடுத்துக் கண்காட்சி வைத்தார்கள். மதினியும் ஒருவர். ஒரு மராத்தித் தம்பதி அந்த முறைக்கிற பெண்ணுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார்கள். வாங்கிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். மதினி பக்கத்தில் போய் ஹிந்தியில் பணிவாகச் சொன்னார்: இந்தக் கை சரியாக வரவில்லை, வண்டிச் சக்கரம் முட்டை மாதிரி ஆகிவிட்டது. அந்த மனிதர் குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். "ஆமாம்" என்றார். இருவரும் அடுத்த சுவருக்குப் போய்விட்டார்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்ல வேண்டியது தங்கள் முறை என்று அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நான்கு நாளும் இதே கதை. மற்ற மூவரின் படங்களும் விற்றுப்போயின. மதினி கொண்டுபோனதை அப்படியே திரும்பக் கொண்டுவந்தார்.

வரைந்தவரை மறைத்துவிட்டால் படம் விற்கும் என்று அன்றைக்கு நான் முடிவு கட்டினேன். அப்போதுதான் ப்ளாக் என்பது ஆபீஸ்களில் பேச்சாக இருந்தது. என் டீமில் பாதிப் பேர் சமையலையும் டிரெக்கிங்கையும் எழுதிக்கொண்டிருந்தார்கள். படத்தை அதில் போடலாம், பிடித்தவர்கள் எழுதிக் கேட்பார்கள், நடுவில் நின்று குறை சொல்ல மதினி இருக்கமாட்டார்.

காலை எட்டு மணிக்கு, வெயில் பால்கனிக்குள் இறங்குவதற்கு முன்னால், படத்தை நாற்காலியில் சாய்த்து போட்டோ எடுப்போம். எதிர்க் கட்டடத்தின் பச்சைச் சுவர் படத்தின் மேல் சாயம் அடிக்கும். அதை மறைக்க அண்ணன் வெள்ளை பெட்ஷீட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பான். உள்ளே குக்கர் விசில் அடிக்கும். "மூணாச்சா நாலாச்சா?" என்று மதினி கேட்பார். "ரெண்டு. கை வலிக்குது, சீக்கிரம் எடுங்க" என்பான் அண்ணன். பாவம், அவனால்தான் எங்கள் படங்களில் வெள்ளை வெள்ளையாக இருந்தது.

படத்துக்குக் கீழே எழுதுவதை மதினியிடம் விட்டேன். ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். படித்ததும் எனக்குத் தலை சுற்றியது. இடது பக்கத்து மரம் தேவையில்லாமல் வந்துவிட்டது. சக்கரம் முட்டை. கண் பரவாயில்லை.

"மதினி, இது என்ன? இதப் படிச்சா யாரு வாங்குவா?"

"உள்ளதத்தான சொல்லுதேன்."

"உள்ளதச் சொல்லி உலகத்துல யாராவது வித்துருக்காங்களா?"

எல்லாவற்றையும் அழித்துவிட்டு நானே எழுதினேன். அபூர்வமான தூரிகை, உங்கள் வரவேற்பறைக்கு ஓர் அணிகலன், இப்படி. மதினி படித்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஊறுகா விளம்பரம் மாதிரில்லா இருக்கு" என்றார். "ஊறுகா விக்குதுல்லா?" என்றேன்.

நானும் சும்மா இருக்கவில்லை. மற்ற ஓவியர்களின் ப்ளாக்குகளில் போய்க் கருத்து எழுதி, கீழே எங்கள் முகவரியை விட்டு வந்தேன். எந்தச் சொல்லைத் தேடினால் ஜனங்கள் எங்கள் பக்கத்துக்கு வருவார்கள் என்று யோசித்து அந்தச் சொற்களைத் தலைப்பில் வைத்தேன். வந்தார்கள். பார்த்தார்கள். போய்விட்டார்கள். டிசம்பர் முடிந்தது. மதினி பழைய பாடத்திட்டப் புத்தகங்களை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்ததைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜனவரியில் முதல் கடிதம் வந்தது. வேறு ஊர்க்காரர் ஒருவர், மழைக்கு முந்தைய வானத்தின் கீழ் ஹடப்சர் சாலையில் வண்டிகள் போகும் படத்தைக் கேட்டிருந்தார். அட்டைக்கு மேல் அட்டை வைத்துக் கட்டி அனுப்பினோம். அன்றைக்கு மதினி கேசரி கிண்டினார். சர்க்கரை கூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டே பரிமாறினார்.

அனுப்பிய மூன்றாவது வாரம் படம் திரும்பி வந்தது. உள்ளே மரியாதையாக ஒரு கடிதம்: கம்ப்யூட்டரில் நான் பார்த்த வானம் இது இல்லை.

இல்லைதான். மதினியின் வானம் சாம்பல். எனக்கு அது சோர்வாகத் தெரிந்ததால், போட்டோவில் வண்ணத்தை ஏற்றிவிட்டிருந்தேன். திரையில் ஒரு குமிழை வலது பக்கம் இழுத்தால் போதும், சாம்பல் நீலமாகிவிடும். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். மதினியிடமும் சொல்லவில்லை.

அவர் படத்தைச் சோஃபாவில் வைத்து, கம்ப்யூட்டரில் இருந்ததையும் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அவர் என்மேல் கோபப்பட்டது அன்றைக்கு ஒரு தடவைதான். குரல் உயரவில்லை.

"என் படத்துல குறை இருந்தா நான் சொல்லிருப்பேன். இல்லாத அழகச் சொல்லி அனுப்பிருக்கியே. அந்த மனுஷன் என்னைய என்னன்னு நெனைப்பாரு?"

படத்தைச் சுற்றி வந்த அட்டைகளை நான் பொறுக்கி அடுக்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மதினி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போனபோது, "நீ தூங்கு" என்றார். அவரே எழுதினார். தலைப்பு: இந்தப் படம் திரும்பி வந்துவிட்டது. என் நீல வானத்தையும் அவருடைய சாம்பல் வானத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருந்தார். கம்ப்யூட்டரில் நிறம் மாறிப்போனது எங்கள் தவறு, வாங்கியவரின் தவறு இல்லை என்று எழுதியிருந்தார். எங்கள் தவறு என்றுதான் எழுதினார், என் பெயர் எங்கும் இல்லை. கீழே வழக்கம்போல: வலது மூலையில் தண்ணீர் அதிகமாகிவிட்டது, மூன்று சக்கரங்கள் வட்டமாக இல்லை, ஆனால் ஜூன் முதல் வாரத்து வானம் இந்த நிறம்தான், அதை மாற்ற எனக்கு மனமில்லை.

திங்கட்கிழமை ஆபீஸில் திறந்து பார்த்தேன். அதுவரை எங்கள் பக்கத்தில் வந்த கருத்தெல்லாம் "நைஸ்" என்ற ஒற்றைச் சொல்தான். இப்போது ஜனங்கள் பத்தி பத்தியாக எழுதியிருந்தார்கள். அமெரிக்காவில் இருந்த ஒரு பூனாக்காரி, அது சரியான சாம்பல், அந்த வாரம் துணி காயப்போடலாமா வேண்டாமா என்று அம்மா வானத்தைப் பார்ப்பாள் என்று எழுதியிருந்தாள். இன்னொருவர், அந்தச் சாலையின் பள்ளங்களில் போனால் எந்தச் சக்கரமும் வட்டமாக இருக்காது என்றார். படத்தைத் தனக்கே தர வேண்டும் என்று மூன்று பேர் கேட்டிருந்தார்கள். நீலமாக்க வேண்டாம் என்று மூவருமே எழுதியிருந்தார்கள்.

குறையை மறைக்காமல் எழுதிக் கொடுத்தால்தான் ஒரு பொருளை நம்புவார்கள். நான் தினமும் எட்டு மணி நேரம் ஆபீஸில் செய்துகொண்டிருந்ததே அதுதான். வீட்டுக்கு வந்து அதை மறந்த முட்டாள் நான். ஊறுகாய் விளம்பரத்தை விட்டேன். போட்டோ எடுப்பதும், மதினி ஞாயிறுதோறும் எழுதுவதைக் கேட்டவர்களுக்கெல்லாம் மின்னஞ்சலில் அனுப்புவதும்தான் இனி என் வேலை. அவர் முதல் பூச்சு, இரண்டாம் பூச்சு என்று ஒவ்வொன்றையும் போட்டு, எங்கே கை தவறியது என்று சொல்லுவார். வாங்கியவர்களில் ஒருத்தி அந்தக் குறைகளைக் கையால் எழுதித் தரச் சொல்லிக் கேட்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஒரு சின்னச் சீட்டு ஒட்டி அனுப்பினோம். சீட்டு இல்லாமல் போய்விட்டால் எழுதிக் கேட்பார்கள்.

ஆனாலும் ஏப்ரல் வந்தபோது எங்களுக்குப் பயம்தான். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போகிற படங்களை நம்பி ஒரு வேலையை விடலாமா?

இரண்டாவது வாரம் பூனாவின் இன்னொரு பக்கம், ஔந்திலிருந்து ஒரு டாக்டர் தம்பதி வந்தார்கள். புதிதாகக் குழந்தைகள் மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்தார்கள். மதினி காபி கொண்டுவந்தார். டிகாக்‌ஷன் சரியாக இறங்கவில்லை என்றார். பிறகு படங்களுக்குப் பக்கத்தில் நின்று தொண்டையைச் செருமினார். எனக்கு அந்தப் பழைய ஹால் ஞாபகம் வந்து கண்ணை மூடிக்கொண்டேன். சக்கரம் என்று அவர் ஆரம்பித்ததுமே டாக்டரம்மா சிரித்துவிட்டார். எல்லாவற்றையும் படித்துவிட்டோம், இரண்டு மாதத்துக்கு மேலாகப் படிக்கிறோம், அதை நம்பித்தான் வந்தோம் என்றார். இரண்டு மாடித் தாழ்வாரங்களுக்கும் படம் வேண்டும், ஒரு வருஷம் ஆனாலும் பரவாயில்லை, அவசரப்பட்டு வரைய வேண்டாம் என்றார் அவர் கணவர்.

அவர்கள் போன பிறகு மதினி காபி டம்ளர்களை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "இனி நாந்தான மாட்டேன்னு சொல்லணும்?" என்றார். பள்ளிக்கூடத்தைத்தான் சொன்னார்.

ஏப்ரல் கடைசி நாள் நான் லீவு போட்டு அவரை என் வண்டியில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். இரண்டு பேரும் முகத்தில் துப்பட்டா சுற்றியிருந்தோம். கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார். துணிக்கு மேலே கண் மட்டும் தெரிந்தது. அவர் படத்தில் வரும் சிரிக்கிற பெண்ணின் கண்.

வீட்டுக்கு வந்ததும் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு படத்தை என் கையில் கொடுத்தார். பிரித்தேன். நான்தான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, திரும்பி, யாரையோ கடித்துத் துப்புகிற மாதிரி பார்க்கிறேன். அவர் எழுதியதை அழித்துவிட்டு அவரோடு சண்டை போட்ட அந்த நாளாக இருக்க வேண்டும். திருப்பிப் பின்னால் பார்த்தேன். சீட்டு இருந்தது. மற்ற சீட்டுகளெல்லாம் ஆங்கிலத்தில் போகும், இது தமிழில் இருந்தது.

"மூக்கு கோணிட்டு. நாற்காலிக்கு மூணு கால்தான் இருக்கு. கோபம் நல்லா வந்திருக்கு."

தன் கையால் செய்த ஒன்றை நன்றாக வந்திருக்கிறது என்று மதினி சொன்னதை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. அவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி துப்பட்டாவை மடித்துக்கொண்டிருந்தார், ஆனால் என் பதிலுக்குத்தான் காத்திருந்தார். எங்கள் ஊர் முறை எனக்குத் தெரியாதா?

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மதினி. மூக்கும் நல்லாத்தான் இருக்கு."