ஹலீனாவைத் தூக்க ஆறு பேர்

வில்மாவின் பிழைப்பு கேள்வி கேட்பது. வீட்டு மணியை அடிப்பாள், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைத் தூக்கிக் காட்டுவாள், மழைக்கோட்டுப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாளை எடுத்து நீட்டுவாள். "இதில் இருப்பவர்களில் யார் உங்கள் பக்கத்து வீட்டில் குடியிருப்பதை நீங்கள் விரும்ப மாட்டீர்கள்?" குடிகாரர்கள், வேறு இனத்தவர், வேறு மதத்தவர், வெளிநாட்டிலிருந்து வந்தவர், தன் பாலினத்தவரோடே குடும்பம் நடத்துபவர். விரலை வைத்துக் காட்டினால் போதும்.

நெதர்லாந்தின் கிழக்கு ஓரத்தில் அவள் இந்தத் தாளை நீட்டாத ஊர் இல்லை. ஜெர்மன் நன்றாகப் பேசுவாள் என்பதால் எல்லைக்கு அந்தப் பக்கமும் அனுப்புவார்கள். அங்கே சிலர் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, பக்கத்து வீடு என்றால் சுவரை ஒட்டிய வீடா, தெருவா என்று விளக்கம் கேட்பார்கள். இந்தப் பக்கம் அந்தத் தொல்லை கிடையாது. தாளைப் படித்து முடிப்பதற்குள் பதில் வந்துவிடும்: "எனக்கு யாரானாலும் சரி." கதவும் சாத்தப்பட்டுவிடும். இதே தாளை டென்மார்க்கில், பிரான்சில், போலந்தில் வேறு யாரோ நீட்டிக்கொண்டிருப்பார்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, எந்த நாட்டு மனசு எவ்வளவு விசாலம் என்று வரிசை போட்டுப் பத்திரிகைக்குக் கொடுப்பார்கள்.

அந்தப் பத்திரிகை வருகிற காலை, ஹலீனாவுக்குக் கொண்டாட்டம்.

"என்ன, உங்க ஆளுங்க மறுபடி கோப்பை வாங்கிட்டாங்களா?"

"இல்ல. டென்மார்க்காரன் அரை மார்க்ல முந்திட்டான்."

"நடுவர் சரியில்ல போல. எங்க ஊர் எங்க இருக்கு? இன்னும் கீழ பாரு. எங்க அண்ணன் ஒருத்தன் பதில் சொன்னாப் போதும், நாடே பத்து எடம் எறங்கிடும்."

ஹலீனா கிழக்குப் போலந்துக்காரி. காளான் பறிக்கும் கூலியாக வந்தவள். பிறகு ஒரு கால்நடை மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்து, கடைசியில் அந்த மருத்துவரைவிட அவளைத்தான் பண்ணைக்காரர்கள் கூப்பிட்டார்கள். வில்மாவும் அவளும் நகராட்சி மண்டபத்தில் முறைப்படி திருமணம் செய்துகொண்டவர்கள். அன்று ஹலீனா ஊருக்குத் தொலைபேசினாள். அண்ணன் போக்தான் சொன்னது ஒரே வாக்கியம்: "புருஷனோட வா, இல்ல தனியா வா, அவளோட வராத." அதற்குப் பிறகு அவள் போகவில்லை.

அவர்கள் வீடு வாங்கிய மண்பாதையில் ஆறு பண்ணைகள். கன்று வயிற்றில் குறுக்கே திரும்பிவிட்டால், எந்த நேரமானாலும் ஹலீனாதான். தோள்வரை கையை உள்ளே விட்டு, கயிறு கட்டி, காலால் தூணை உதைத்துக்கொண்டு இழுத்துப் போட்டுவிடுவாள். வேலை முடிந்ததும் காபி வரும். தொழுவத்துக்கே வரும். முதல் பண்ணைக்காரன் ஃப்ரெரிக்கின் மனைவி டீனி நல்லவள், தட்டில் பிஸ்கட்டும் வைப்பாள். ஆனால் இத்தனை வருடத்தில் ஒரு சமையலறை நாற்காலியிலும் ஹலீனா உட்கார்ந்ததில்லை.

அந்தப் பக்கத்தில் பக்கத்து வீட்டுக்காரன் வேறு, நோபர் வேறு. குழந்தை பிறந்தால் சொல்லிவிடுவதும், கல்யாணத்துக்கு ஊசியிலைக் கிளைகளால் வளைவு கட்டி வெள்ளைக் காகித ரோஜா செருகுவதும், செத்தால் வீடு வீடாகப் போய்ச் செய்தி சொல்லிப் பெட்டியைத் தோளில் சுமப்பதும் நோபர்களின் பொறுப்பு. புதிதாக வருகிறவர்கள் ஒரு சாயங்காலம் எல்லோரையும் வீட்டுக்கு அழைத்து, கையில் கோப்பையோடு, "எங்களுக்கு நோபரா இருப்பீங்களா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். வில்மா மேற்கே ஹார்லம் நகரத்தில் வளர்ந்தவள். அங்கே பக்கத்து வீட்டாரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் மரியாதை. வந்த புதிதில் அவளுக்கு இது தெரியாது. தெரிந்தபோது கேட்க மனம் வரவில்லை.

"போய்க் கேளேன்டீ. ஒரு பாட்டில் ஜின், கொஞ்சம் பாலாடைக்கட்டி. ஒரு சாயங்காலம்தான?"

"எதுக்குக் கெஞ்சணும்? அவங்க நம்மள ஒண்ணும் சொல்லல. சும்மா விட்டுட்டாங்க. உங்க ஊர்ல விடுவாங்களா?"

"முள்ளெலியையுந்தான் சும்மா விடறாங்க."

வில்மா சிரித்துவிட்டாள். ஹலீனா சிரிக்கவில்லை.

மூன்றாவது பண்ணை விற்றுப்போய், இரண்டு குழந்தைகளோடு ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அவர்களும் நகரத்துக்காரர்கள், அவர்களும் எதுவும் கேட்கவில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்த பண்ணைக்காரர்கள், ஒரு சனிக்கிழமை தாங்களே வளைவு கட்டிக்கொண்டு, பாட்டிலும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். பாட்டுச் சத்தம் இந்த வீடுவரை கேட்டது. ஹலீனா சமையலறையில் உட்கார்ந்து வெள்ளைக் காகிதத்தைக் கத்தரித்து ரோஜா செய்துகொண்டிருந்தாள். என்றைக்காவது யாராவது கேட்பார்கள் என்று ஒரு பை நிறையச் செய்து வைத்திருந்தாள்.

ஹலீனாவுக்குக் கணையத்தில் கட்டி என்று வசந்தத்தில் சொன்னார்கள். மக்காச்சோளம் ஆள் உயரம் வளர்வதற்குள் அவள் படுக்கையோடு ஆகிவிட்டாள். கடைசி வாரத்தில் ஒன்றுதான் கேட்டாள்.

"என்ன வண்டியில வச்சுத் தள்ள விட்றாத. ரப்பர் சக்கரம் போட்ட வண்டி. சூப்பர் மார்க்கெட் சாமான் மாதிரி. காசு வாங்கிட்டுத் தூக்கறவங்களும் வேண்டாம். தெரிஞ்சவங்க தூக்கணும்."

"தூக்குவாங்க" என்று வில்மா சொன்னாள். ஆறு தோள் வேண்டும். யாருடைய தோள் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

ஹலீனா இறந்த மறுநாள் காலை, வில்மா கறுப்பு உடை போட்டுக்கொண்டு ஃப்ரெரிக்கின் வீட்டுக்குப் போனாள். முதல்முறையாக அந்தச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். டீனி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போலி அழுகை இல்லை.

"எங்க மாட்டுக்கெல்லாம் அவதான்" என்றாள். "யாரு வருவா இனிமே?"

வில்மா வந்த காரியத்தைச் சொன்னாள். ஃப்ரெரிக் காபியைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"அது வந்து, வில்மா… நோபர்னாத்தான் தூக்கறது. நீங்க எங்களக் கேட்கவே இல்லையே. தனியா இருக்கத்தான் பிடிக்கும்போலன்னு நாங்களும் விட்டுட்டோம்."

"மூணாவது வீட்டுக்காரங்களும் கேட்கல, ஃப்ரெரிக்."

கரண்டி நின்றது. டீனி எழுந்து போய், எரியாத அடுப்பைத் துடைத்தாள்.

"அவங்களுக்குக் குழந்தைங்க இருக்கு" என்றான் அவன். "அது வேற. தப்பா எடுத்துக்காதீங்க, எங்களுக்கு உங்க மேல ஒண்ணும் கிடையாது. உங்க ஆபீஸ்லேருந்தே ஒருத்தர் வந்து அந்தத் தாளக் காட்டிக் கேட்டாரே, எனக்கு யாரானாலும் சரின்னுதான் சொன்னேன். வேணும்னா பாருங்க."

"இப்பக் கேட்கறேன். வெள்ளிக்கிழமை. ஆறு பேர்."

"மத்தவங்களையும் கேட்கணும். வெள்ளிக்கிழமைன்னா சோளம் அறுக்கற மெஷின் வேற வருது. பூ அனுப்பிடறோம், பெரிய வளையமா."

வில்மா மண்பாதையில் திரும்பி நடந்தாள். எத்தனை வாசலில் அந்தப் பதிலைக் கேட்டு, நல்ல மனிதர்கள் என்று நினைத்து இறங்கியிருக்கிறாள். வேண்டாம் என்று விரல் வைக்காதவனெல்லாம் வேண்டும் என்று சொன்னதாகக் கணக்கு. யார் தொழுவத்தோடு நிற்க வேண்டும், யார் சமையலறைவரை வரலாம் என்று கேட்க அந்தத் தாளில் இடமே கிடையாது. வரிசையில் முதலிடம் கிடைத்தால் போதும், ஊர் நிம்மதியாகத் தூங்கும்.

வீட்டுக்கு வந்து போக்தானைக் கூப்பிட்டாள். இத்தனை வருடத்தில் அவன் குரலை அவள் நேராகக் கேட்டதில்லை. அவனுக்கும் கூலி வேலைக்குப் போன காலத்து ஜெர்மன் தெரியும். செய்தியைச் சொன்னாள். தூக்க ஆள் இல்லை என்றாள்.

"வர்றோம்" என்று வைத்துவிட்டான்.

வியாழக்கிழமை ஒரு பழைய வேன் வந்து நின்றது. போக்தான், அவன் மகன்கள் இரண்டு பேர், சித்தப்பா மக்கள் இரண்டு பேர். கூடத்தில் பெட்டிக்குள் கிடத்தியிருந்த ஹலீனாவைப் பார்த்து ஐந்து பேரும் மண்டியிட்டு அழுதார்கள். போக்தான் தங்கையின் முரட்டு விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினான். பிறகு எழுந்து, "அவ ரூம் எது?" என்றான்.

வீட்டில் ஒரே படுக்கையறை. வில்மா கதவைக் காட்டினாள். அவன் உள்ளே அகலக் கட்டிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

வில்மா மாடியில் படுக்கை போட்டு வைத்திருந்தாள், சூப்பும் செய்திருந்தாள். "நாங்க வண்டியிலயே படுத்துக்கறோம்" என்றான். சாப்பாடும் ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

மறுநாள் காலை அவனே பேச்சை எடுத்தான்.

"கல்லறையில என்ன சொல்லப் போறீங்க?"

மேசைமேல் ஜெர்மனில் எழுதி வைத்திருந்த உரையை வில்மா நகர்த்தினாள். முதல் வரி "என் மனைவி ஹலீனா" என்று ஆரம்பித்தது. அவன் அந்த வரியோடு நிறுத்திவிட்டான்.

"என் பசங்க முன்னாடி இந்த வார்த்தை வேண்டாம். தோழின்னு சொல்லுங்க. இல்ல, ஒண்ணும் சொல்லாதீங்க. அப்படின்னா தூக்கறோம்."

"அவ அதக் கேட்டா என்ன சொல்லுவா?"

"அவ கேட்க மாட்டா" என்றான் போக்தான். முகம் கோணிப்போய் அழுதான். அழுதாலும் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

தங்கையை வீட்டுக்குள் விடாதவன், அவளைத் தூக்க இரண்டு நாட்டைத் தாண்டி வந்திருக்கிறான். அவளால் கன்றும் மாடும் பிழைத்தவர்கள் பூ அனுப்பியிருக்கிறார்கள். யாரை மன்னிப்பது என்று வில்மாவுக்குத் தெரியவில்லை. மன்னிக்க வேண்டியது ஏன் தன் வேலையாகவே இருக்கிறது என்பதும் தெரியவில்லை. ஹலீனாவுக்குக் கொடுத்த வாக்கு ஒன்றுதான் கையில் மிச்சம். உரையை நான்காக மடித்து, பெட்டிக்குள், ஹலீனாவைச் சுற்றி வைத்திருந்த அந்தக் காகித ரோஜாக்களுக்கு அடியில் வைத்தாள்.

பெட்டியை மூடியதும் போக்தான் எண்ணிப் பார்த்தான். "ஆறாவது ஆள்?"

"நான்."

"பொம்பளைங்க தூக்கறதில்ல."

"அப்ப அஞ்சு பேரே தூக்குங்க. ஒரு மூலை தொங்கட்டும்."

அவன் யோசித்தான். வில்மா அவர்களைவிட ஒரு முழம் குள்ளம். போக்தான் தன் கோட்டைக் கழற்றி, நான்காக மடித்து, அவள் முகத்தைப் பார்க்காமல், அவள் தோளில் வைத்து அழுத்தினான். பிறகு எல்லோரும் ஒரே மூச்சில் எழுந்தார்கள்.

கல்லறைக்குப் போகிற வழி ஃப்ரெரிக்கின் வயலை ஒட்டியது. அறுவடை இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் டீனி, அப்பால் மற்ற பண்ணைக்காரர்கள். எல்லோரும் வேலியின் உள்பக்கம். பெட்டியின் விளிம்பு வில்மாவின் காதை உரசியது. இரண்டு முறை கால் இடறியது. இரண்டு முறையும் பின்னாலிருந்த பையன் பாரத்தைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டான்.

குழியருகே போக்தான் ஜெபம் சொன்னான். வில்மா எதுவும் சொல்லவில்லை. முடிந்ததும் அவன் கோட்டைத் திரும்ப வாங்கி, உதறிப் போட்டுக்கொண்டான். கை குலுக்கவில்லை. வேன் மதியமே கிளம்பிவிட்டது.

அடுத்த வாரம் ஃப்ரெரிக் ஒரு பெட்டி முட்டையோடு வந்தான். வேலிக் கதவுக்கு வெளியிலேயே நின்றான். வில்மாவின் இடது தோளில் கன்றிப்போன தடம் சட்டைக்கு வெளியே தெரிந்தது.

"சும்மா சொல்லக் கூடாது, நல்லா நடத்திட்டீங்க" என்றான். "எங்களால முடிஞ்சது… எதுனா வேணும்னா தயங்காமக் கேளுங்க, வில்மா."

"கேட்டேனே" என்றாள் அவள்.

முட்டைப் பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கதவுத் தூண்மேல் வைத்துவிட்டுப் போனான். சாயங்காலம் மழை வந்து அந்த அட்டைப் பெட்டி ஊறும்வரை அது அங்கேயே இருந்தது.