முதுகு தெரிய நட்ட கிழங்கு

தேனியில் ஒரு நர்சரித் தொட்டியைக் கண்டதும் நின்றுவிட்டேன். மணலில் பாதி புதைந்தும் பாதி வெயிலில் காய்ந்தும் கிடந்தது ஐரிஸ் என்னும் ஊதாப்பூச் செடியின் கிழங்கு.

"மேல மண்ணப் போட்டு மூடிறாதீகக்கா, அழுகிரும்" என்றார் கடைக்காரர்.

எட்டாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்திய வருடம் அது. கம்பத்திலிருந்து ஜீப்பில் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போய்வந்த அம்மா, அங்கே பங்களாவில் பூத்த ஊதாப்பூவின் கிழங்கைக் கேட்டு வாங்கி வந்தாள். "பூவோட இதழ்ல முடி மொளச்சுத் தாடியாட்டம் இருக்குடி" என்று சிரித்தாள். கொல்லை மணலில் கிழங்கின் முதுகு தெரிய நட்டாள்.

வெயிலில் கருகிவிடுமோ என்று எனக்குப் பயம். அவள் ஜீப் ஏறியதும் மணலை அள்ளி மூடித் தண்ணீர் ஊற்றுவேன். விடிந்ததும் அவள் மணலை விலக்குவாள். ஒருநாள் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி அத்தையிடம் சண்டைக்குப் போய்விட்டாள்.

"ஒங் கோழிய அடைச்சு வையி சின்னத்தாயி."

"எங் கோழி கெளறும் மதினி. குழியவா மூடும்?"

"அப்ப நீதான் மூடுற. பொறாம புடிச்சவ!"

கதவுக்குப் பின்னால் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. கிழங்கு கூழாக அழுகி நாறியது. ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தும் அந்த இருவரும் அதன்பின் பேசவே இல்லை.

அம்மா செத்த அன்று சின்னத்தாயி அத்தை வாசல்வரை வந்தார். "அவ என்னிய நம்பலையே" என்று திரும்பிவிட்டார். அப்போதும் நான் சொல்லவில்லை.

அத்தை இன்னும் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். கிழங்கை எங்கே நட்டாலும் அவர் கண்ணில் படும். வாங்காமலே பஸ் ஏறினேன்.