பன்னிரண்டு பேர் ஆடிய அணி

2006 வாக்கில் நடந்தது இது. அப்போது நான் விருத்தாசலத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்தக் கோபமெல்லாம் காபி ஆறுவதற்குள் அடங்கிவிடும். இது இன்னும் அடங்கவில்லை.

ஒரு நாள் பள்ளி முகவரிக்கு எனக்கொரு கடிதம் வந்தது. நான் படித்த பல்கலைக்கழகம், தனக்குப் பெருமை சேர்த்த பழைய வீரர்களையும் அணிகளையும் அழைத்துக் கௌரவிக்கப் போகிறதாம். இருபது வருஷத்துக்கு முன்னால் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் தங்கம் வாங்கிய எங்கள் பெண்கள் கோகோ அணியும் பட்டியலில் இருந்தது. பன்னிரண்டு பேருடைய விலாசத்தையும் திரட்டித் தருகிற வேலையை என் தலையில் கட்டியிருந்தார்கள். சந்தோஷமாகத்தான் செய்தேன்.

முதலில் போனது என் தோழியிடம். அவள் உள்ளூரிலேயே ஒரு பீங்கான் கம்பெனியில் இருந்தாள். அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் பிசிறைச் சுரண்டி, ஈரத் துணியால் துடைத்து வைக்கிற வேலை. இறுதிப் போட்டியில், நேரம் முடியப் போகிற சமயத்தில், கம்பத்தைச் சுற்றி ஓடியவளைப் பாய்ந்து தொட்டு ஒரே ஒரு புள்ளியில் எங்களை ஜெயிக்க வைத்தவள் அவள்தான். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கடிதத்தை வாங்கி, இரண்டு தடவை படித்தாள்.

"மைக்ல என் பேர சொல்வாங்களாடி?"

"பின்ன? ஒன் பேரத்தான் மொதல்ல சொல்வாங்க."

"நான் வெளாடுனேன்னு சொன்னா எம் பொண்ணு சிரிக்கிறாடி. கதை வுடறேங்கறா. அவள இட்டாந்து உக்கார வெக்கிறேன். காதால கேக்கட்டும்."

அவளுடைய மகள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் லீவு கேட்டால் முகம் சுளிப்பார்கள். ஆனாலும் அப்போதே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

பத்து நாள் கழித்துப் பல்கலைக்கழகத்திலிருந்து விழா அதிகாரி போன் செய்தார். அனுப்பிய பட்டியலில் ஒருவர் பட்டம் முடிக்கவில்லையாம். முடிக்காதவரை முன்னாள் மாணவி என்று சொல்ல முடியாதாம். அதனால் பதினொரு பேர்தானாம்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. என் தோழி ஏன் முடிக்கவில்லை? அந்தப் போட்டி நடந்ததே எங்கள் பரீட்சை நேரத்தில். 'ஜெயிச்சிட்டு வாங்க, பரீட்சைய நாங்க பாத்துக்கறோம்' என்று சொல்லி ரயில் ஏற்றியது இதே பல்கலைக்கழகம்தான். திரும்பி வந்தபோது யாரும் எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் கடைசி வருஷப் பரீட்சையைத் தவறவிட்டவர்கள் மூன்று பேர். என்னோடு சேர்த்து இரண்டு பேர் அடுத்த முறை எழுதினோம். அவளுக்கு அதற்குள் கல்யாணம் முடிந்து, பின்னால் குழந்தையும் பிறந்து, பரீட்சை அப்படியே நின்றுபோனது. கோப்பை மட்டும் வேண்டும், அதை வாங்கிக் கொடுத்தவள் வேண்டாமா? போனிலேயே கத்தித் தீர்த்தேன். "நேர்ல வாங்க டீச்சர், பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

அவளிடம் இதைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நேரில் போய் ஒரு பிடி பிடித்தால் வழிக்கு வந்துவிடுவார்கள் என்று நம்பினேன்.

விழா அன்று காலை முதல் பஸ்ஸைப் பிடித்து நான், அவள், அவள் மகள் மூவரும் போனோம். அரங்க வாசலில் மேஜை போட்டுப் பெயர் அட்டை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பெயருக்கு அட்டை இல்லை. கைப்பையிலிருந்து, பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்த அந்தப் போட்டிச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். அதில் இருந்தது அதே பல்கலைக்கழகத்தின் முத்திரை. விழா அதிகாரி அதை முழுதாகக்கூடப் படிக்கவில்லை.

"இது வெளையாட்டு சர்டிபிகேட்டும்மா. டிகிரி இல்லியே."

"சார், வெளாட்டுக்குத்தான சார் இந்த விழா?" என்று நான் எகிறினேன். விதியை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை, துணைவேந்தர் வருகிற நேரம், தகராறு செய்ய வேண்டாம் என்றார். மகள் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தோழி சான்றிதழை உறைக்குள் போட்டுக்கொண்டு, "வுடுடி, நாங்க கீழ உக்காந்து பாக்குறோம்" என்றாள். நடுவரிசையில் உட்கார்ந்தவர்களை, அது விருந்தினர்களுக்கு என்று சொல்லிக் கடைசிக்கு அனுப்பினார்கள். மேடைக்குப் பின்னால் எங்கள் அணியின் பழைய போட்டோவைப் பெரிய பேனராகக் கட்டியிருந்தார்கள். அதில் நடுவில் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பவள் அவள்தான்.

பதினொரு பேரும் மேடையேறினோம். சால்வை, கேடயம், கைதட்டல் எல்லாம் முறையாக நடந்தன. அணியின் சார்பில் நான் இரண்டு நிமிஷம் ஏற்புரை பேச வேண்டும். அதற்கு முன்பே அதிகாரி என் கையில் ஒரு தாள் கொடுத்திருந்தார். மேடையில் இருப்பவர்களை எந்த வரிசையில் விளிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஒருவரையும் விட்டுவிடக் கூடாது என்று வேறு சொல்லியிருந்தார்.

மேடைப் பேச்சில் இந்த 'அவர்களே' எவ்வளவு பெரிய விஷயம் என்பது பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஆண்டு விழா ஒன்றில் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவரை விளிக்க மறந்ததற்காக நான் ஒரு மாதம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பயத்தில் தாளைப் பார்த்துப் படித்தேன். மாண்பமை துணைவேந்தர் அவர்களே, மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களே, சிறப்பு விருந்தினர் அவர்களே என்று தொடங்கி, சால்வை வாங்கி வந்த அலுவலக உதவியாளர் அவர்களே என்பது வரைக்கும் பதினேழு பேரை விளித்தேன். கடைசியில் அவளைப் பற்றிச் சொல்லலாம் என்றுதான் மனசுக்குள் வைத்திருந்தேன். அதற்குள் அதிகாரி ஓரத்தில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். வாசலில் அவரிடம் அந்த எகிறு எகிறிய நான், பெட்டிப் பாம்பாக 'நன்றி, வணக்கம்' சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான்தான் வழி நெடுக அதிகாரியைத் திட்டிக்கொண்டு வந்தேன். இவனெல்லாம் உருப்படுவானா, மேலிடத்துக்கு எழுதுகிறேன் பார், பேப்பரில் போடுகிறேன் பார் என்று என்னென்னவோ. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மகளை முன்னால் நடக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தாளு மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்லடி. அந்தாளுக்கு நான் யாருன்னே தெரியாது. ஒனக்குத் தெரியும்ல? மைக்கு ஒங் கைலதான இருந்துது? சால்வ வாங்கியாந்தவரு வரைக்கும் சொன்ன. என் பேரு ஒன் வாய்ல வர்லியே."

என் கேடயத்தையாவது அவளிடம் கொடுத்துவிடலாம் என்று நீட்டினேன். "இத வெச்சிகினு நான் என்னா பண்றது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் பல்கலைக்கழகத்துக்கு மூன்று கடிதம் போட்டேன். 'விதிமுறைகளின்படியே செய்யப்பட்டது' என்று ஒரே ஒரு பதில் வந்தது. அடுத்த வருஷம் எங்கள் பள்ளி விளையாட்டு விழாவுக்கு அவளைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டேன். லீவு கிடைக்காது என்று சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாள். கடைத்தெருவில் பார்த்தால் இன்றும் நன்றாகத்தான் பேசுகிறாள். விழாவைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்தின் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் ஒன்று புரிந்துகொண்டேன். வாசலிலும் பஸ்ஸிலும் நான் பட்ட கோபத்தால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை; கோபப்பட்டே ஆக வேண்டியிருந்த அந்த இரண்டு நிமிஷத்தில் நான் மரியாதை தெரிந்தவளாக இருந்துவிட்டேன், அதற்காக என்னை என்னாலேயே இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.